ஜெர்மன் போர்ப் பதக்கங்கள்: சேகரிக்கத் தொடங்குவோருக்கு

இரண்டு உலகப் போர்களின் ஜெர்மன் பதக்கங்களைச் சேகரிக்க விரும்புவோரில் பெரும்பாலோர் இரும்புச் சிலுவையில்தான் தொடங்குகிறார்கள். அதை ஓராண்டுக்குத் தள்ளி வைத்துவிட்டு, 1934 ஜூலை 13 அன்று அதிபர் ஹிண்டன்பர்க் நிறுவிய ‘உலகப் போர் கௌரவச் சிலுவை’யில் தொடங்குங்கள் என்பதே என்னிடம் கேட்கும் எல்லோருக்கும் நான் சொல்வது. முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்கும், அதில் கணவனையோ மகனையோ இழந்தவர்களுக்கும், போர் தொடங்கி 20 ஆண்டுகள் ஆனபோது ஏற்படுத்தப்பட்ட இந்தப் பதக்கம் ஏறத்தாழ 80 லட்சம் பேருக்குச் சென்றது. ஆகையால் விலை குறைவு. போலி செய்து விற்பதில் பெரிய லாபம் இல்லை. அசலைக் கையில் வைத்துப் பார்த்துப் பழகுவதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. அசலைப் பார்த்துப் பழகாத கண் போலியைக் கண்டுபிடிக்காது என்பதால், இந்த ஓராண்டு வீணாகப் போகாது.

அதன் ஒரு பிரதியை மேசை விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். இரும்பில் அச்சடித்து, வெண்கல நிறம் பூசிய சிறிய சிலுவை அது. நடுவில் 1914, 1918 என்று இரண்டு வரிகளாக ஆண்டுகள். அவற்றைச் சுற்றி ஓர் இலைவளையம். போர்முனையில் நின்றவருக்கு உரியது என்றால் கரங்களுக்கு இடையே இரண்டு வாள்கள் குறுக்காக ஓடும், வளையம் வாகை இலையாக இருக்கும். முனைக்குப் போகாமல் பணியாற்றியவருக்கு வாள் கிடையாது, வளையம் ஓக் இலை. மூன்றாவது வகை கறுப்பு அரக்குப் பூசியது. கைம்பெண்களுக்கும், மகனைப் பறிகொடுத்த பெற்றோருக்கும் கொடுத்தது. பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அங்கே மிகச் சிறிய எழுத்துகளில் தயாரிப்பாளரின் முத்திரை மட்டும் குத்தப்பட்டிருக்கும். நூற்றுக்கணக்கான பட்டறைகள் இதைச் செய்ததால், ஒரே பதக்கத்தில் முத்திரைகளை மட்டும் வேறுபடுத்திச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள். கறுப்புச் சிலுவை எண்ணிக்கையில் குறைவு. ஏழு லட்சம் சொச்சம்தான் வழங்கப்பட்டது. அது கைக்கு வரும்போது, அதை யார் வாங்கி அலமாரியில் வைத்திருப்பார்கள் என்று ஒரு கணமாவது நினைக்காமல் என்னால் இருக்க முடிந்ததில்லை.

இந்தப் பதக்கத்தைச் சான்றிதழோடு வாங்குங்கள். சான்றிதழ் என்பது ஒற்றைத் தாள். அதில் பெறுபவரின் பெயர், தொழில், ஊர், தேதி, உள்ளூர்க் காவல் துறை அல்லது மாவட்ட நிர்வாக அதிகாரியின் கையொப்பம், முத்திரை ஆகியவை இருக்கும். தாள் இல்லாத பதக்கம் 80 லட்சத்தில் ஒன்று. தாள் உள்ள பதக்கம் ஒரு ஊரில் வாழ்ந்த ஒரு தச்சருடையது, ஓர் ஆசிரியருடையது. இன்னொன்றும் உண்டு. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் பணியாற்றிய யூதர்கள் சுமார் ஒரு லட்சம் பேர், அவர்களில் ஏறத்தாழ 12,000 பேர் மடிந்தார்கள். உயிரோடு திரும்பியவர்களில் பலர் மற்றவர்களைப் போலவே விண்ணப்பித்து இந்தச் சிலுவையைப் பெற்றார்கள். ஹிட்லரின் பெயரால் வழங்குவதாகத் தொடங்கும் அந்தத் தாளில் யூதர் ஒருவரின் பெயர் தட்டச்சு செய்யப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, இந்தத் துறையில் தாளுக்கு ஏன் உலோகத்தைவிட மதிப்பு அதிகம் என்பது புரியும். அந்தப் பெயரைத் தேடிப் போனால், அடுத்த பத்தாண்டில் அவர் எங்கே கொண்டுசெல்லப்பட்டார் என்பதற்கான பதிவு பல நேரம் கிடைத்துவிடுகிறது.

அசலையும் போலியையும் பிரித்தறிதல்

தேவைப்படும் கருவிகள் சொற்பம்: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சிறு காந்தம், வெர்னியர் காலிப்பர், நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சிறிய எடைத் தராசு, புற ஊதா ஒளி தரும் கைவிளக்கு. இவற்றில் லென்ஸ்தான் தொண்ணூறு பங்கு வேலையைச் செய்யும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வார்ப்புக்கும் அச்சடிப்புக்கும் உள்ள வேறுபாடு. சுவாமிமலையில் சிலை செய்வது வார்ப்பு. நாணயச் சாலையில் காசு செய்வது அச்சடிப்பு. ஜெர்மன் பதக்கங்களில் மிகப் பெரும்பாலானவை எஃகு அச்சுகளால் பெரும் அழுத்தத்தில் அடிக்கப்பட்டவை. எனவே விளிம்புகள் கூர்மையாகவும், பின்னணிப் பரப்பு வழவழப்பாகவும் இருக்கும். மலிவான போலியைச் செய்பவர் அசல் ஒன்றிலிருந்து அச்செடுத்து உலோகத்தை உருக்கி ஊற்றுகிறார். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் போலி அசலைவிடச் சற்றே சிறியதாகிவிடும். காலிப்பர் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். லென்ஸில் பார்த்தால் காற்றுக் குமிழ்கள் விட்டுச் சென்ற ஊசிமுனைக் குழிகளும், எழுத்துகளின் ஓரங்களில் மெழுகு உருகியது போன்ற மழுங்கலும் தெரியும்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வணிகரிடம், ஒரு போர்வீரரின் பேரன் கொடுத்தது என்ற கதையோடு, 1914ஆம் ஆண்டின் முதல் வகுப்பு இரும்புச் சிலுவை ஒன்றை வாங்கினேன். கதை உருக்கமாக இருந்ததால் லென்ஸை எடுக்கவே தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது சட்டத்துக்கும் நடுப்பகுதிக்கும் இடையே இருக்க வேண்டிய பிளவு இல்லை. முழுவதும் ஒரே வார்ப்பு, நடுவில் கறுப்புச் சாயம். அன்றிலிருந்து விற்பவர் பேசும்போது காதை மூடிக்கொண்டு பொருளை மட்டும் பார்க்கும் பழக்கம் வந்தது. தாளில் எழுதப்படாத எந்தக் கதைக்கும் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

இரும்புச் சிலுவை

ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர் மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம், நெப்போலியனுக்கு எதிரான போரை முன்னிட்டு 1813 மார்ச் 10 தேதியிட்டு நிறுவியது இரும்புச் சிலுவை; வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கார்ல் ஃபிரெட்ரிக் ஷின்கெல். பிறகு 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் போர் மூண்டபோதெல்லாம் அது புதுப்பிக்கப்பட்டது. 1914 சிலுவையின் முகப்பில் மேற்கரத்தில் முடி, நடுவில் வில்ஹெல்ம் பேரரசரின் முதலெழுத்து, கீழ்க்கரத்தில் ஆண்டு ஆகியவை இருக்கும். இரண்டாம் வகுப்பின் பின்புறத்தில் ஓக் இலைகளும் நிறுவிய மன்னரின் முதலெழுத்துகளும் 1813 என்ற ஆண்டும் இருக்கும். 1939 சிலுவையின் நடுவில் நாஜிகளின் கொக்கிச் சிலுவையும், கீழே 1939 என்ற ஆண்டும், பின்புறம் 1813 மட்டும் இருக்கும்.

செய்முறையைத் தெரிந்துகொண்டால் பாதிப் போலிகள் கழிந்துவிடும். கறுப்பு பூசிய இரும்புத் தகடு நடுவில்; அதை முன்னும் பின்னும் இரண்டு வெள்ளிநிறச் சட்டங்கள் கவ்விப் பிடித்து, விளிம்பில் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். எனவே சிலுவையைப் பக்கவாட்டில் திருப்பி லென்ஸில் பார்த்தால் விளிம்பைச் சுற்றி அந்த இணைப்புக் கோடு தெரிய வேண்டும். நன்றாக அராவிய பிரதிகளில் மெல்லிய கீறலாகவாவது எங்கேனும் ஓரிடத்தில் அகப்படும். சட்டத்தின் உட்புறத்தில் ஓடும் மணிவரிசையில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக நிற்க வேண்டும். காந்தம் ஒட்ட வேண்டும். ஆனால் காந்தத்தின் தீர்ப்பை இறுதியாகக் கொள்ளாதீர்கள். பித்தளை முதலிய உலோகங்களில் நடுத்தகடு அமைந்த அசல்களும் உண்டு. இரும்புத் தகடு வைத்த போலிகளும் உண்டு.

1914 முதல் 1918 வரையிலான இரண்டாம் வகுப்புச் சிலுவைகள் சுமார் 50 லட்சமும், முதல் வகுப்பு சுமார் இரண்டு லட்சமும் வழங்கப்பட்டன. இரண்டாம் வகுப்பு நாடாவில் தொங்கும். முதல் வகுப்பு பின்புற ஊக்கால் நேராக மார்பில் குத்தப்படும். போர்முனை வீரருக்கான நாடா கறுப்பில் வெள்ளைக் கோடுகள் கொண்டது, முனையில் நிற்காதவருக்கு அதுவே நிறம் மாறி வெள்ளையில் கறுப்பு. இந்த வெள்ளை நாடா அரிதாகையால் சாதாரணச் சிலுவையில் வெள்ளை நாடாவைக் கோத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். முதல் வகுப்பில் தட்டையானது, குவிந்தது, ஊக்கு வைத்தது, திருகு வைத்தது என்று பல வகைகள் உண்டு; வீரர்கள் தங்கள் செலவில் நகைக்கடைகளில் செய்துகொண்டவையும், போர் முடிந்தபின் வாங்கிக்கொண்டவையும் இவற்றில் அடங்கும் என்பதால், ‘இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை’ என்பதற்காக மட்டும் ஒன்றைத் தள்ளிவிடக் கூடாது.

1939 சிலுவைகளைப் பொறுத்தவரை முத்திரை எண்கள் பெரும் துணை. 1941இல் பதக்கத் தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பு ஒன்று ஏற்பட்டபின் கடைகளில் விற்பதற்காகச் செய்தவற்றில் ‘எல்’ எழுத்தும் சாய்கோடும் எண்ணும் குத்தினார்கள். எல்/11 என்றால் லூடன்ஷைட் நகரத்து வில்ஹெல்ம் டாய்மர், எல்/12 என்றால் பெர்லின் யுங்கர். அரசு நேரடியாக வழங்குவதற்குச் செய்தவற்றில் வெறும் எண் மட்டும் இருக்கும். அந்த வரிசையில் யுங்கருக்கு 2, டாய்மருக்கு 3, லூடன்ஷைட்டின் ஷ்டைன்ஹவர் உண்ட் லூக்குக்கு 4. இரண்டாம் வகுப்பில் எண்ணை நாடா கோக்கும் வளையத்தில் தேடுங்கள்; முத்திரையே இல்லாத அசல்களும் ஏராளம். முத்திரை ஒன்றைப் பார்த்ததும், அதே தயாரிப்பாளரின் ஐயத்துக்கிடமில்லாத பிரதி ஒன்றோடு மணிவரிசையையும் எண்களின் வடிவத்தையும் ஒப்பிடுங்கள். ஓர் அச்சில் ஏற்பட்ட சிறு கீறல் அந்த அச்சிலிருந்து வந்த எல்லாப் பிரதிகளிலும் பதிந்திருக்கும். அச்சு தேயத்தேயக் கீறலும் வளரும். இரும்புச் சிலுவையில் முதல் வகுப்புக்கும் மேற்படியான வீரச் சிலுவைகளில், போருக்குப் பின் பழைய அச்சுகளிலேயே அடிக்கப்பட்டவற்றைப் பிரித்தறிய ஆய்வாளர்களுக்கு இந்தக் கீறல்களின் வளர்ச்சியே கைகொடுத்தது. சுமார் 7,300 பேர் மட்டுமே பெற்ற வீரச் சிலுவையைத் தொடக்கக்காரர் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

கௌரவச் சிலுவைக்கு அடுத்த படியாகக் காயப் பதக்கத்தைச் சொல்வேன். 1918 மார்ச் 3 அன்று ஏற்படுத்தப்பட்ட இதில், ஓரிரு முறை காயமுற்றவருக்குக் கறுப்பு, மூன்று அல்லது நான்கு முறைக்கு வெள்ளி, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் பொன் நிறம். தரைப்படைக்கு இரும்புத் தொப்பியும் வாள்களும், கடற்படைக்கு நங்கூரம். 1939இல் மறுபடி ஏற்படுத்தப்பட்டபோது தொப்பியில் கொக்கிச் சிலுவை சேர்ந்தது. 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல நடந்த குண்டுவெடிப்பில் காயமுற்றவர்களுக்கென்று செய்த தனி வகையைச் சந்தையில் கண்டால், போலி என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

1942 மே 26 அன்று நிறுவப்பட்ட கிழக்கு முனைக் குளிர்காலப் போர்ப் பதக்கமும் எளிதில் கிடைப்பதே. ரஷ்யாவில் 1941–42 குளிர்காலத்தைக் கழித்த 30 லட்சம் பேருக்கு மேல் அதைப் பெற்றார்கள். வீரர்களே அதற்கு ‘உறைந்த இறைச்சி விருது’ என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பதக்கமும், போரின் பிற்பகுதியில் வந்த பல சின்னங்களும் துத்தநாகத்தில் செய்தவை. செம்பும் நிக்கலும் ஆயுதங்களுக்குத் தேவைப்பட்டபோது பட்டறைகள் துத்தநாகத்துக்கு மாறின. அதன்மேல் பூசிய வெள்ளிநிறம் நாளடைவில் உலோகத்துக்குள் மங்கி, சாம்பல் நிறம் மட்டும் எஞ்சியது. எனவே சாம்பல் பூத்த துத்தநாகச் சின்னம் ஒன்று அசலாக இருக்கலாம். பளபளவென்று மின்னுவது ஐயத்துக்குரியது.

முதல் உலகப் போரில் ஜெர்மனி பல அரசுகளின் கூட்டாக இருந்ததால் பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பர்க் எல்லாம் தனித்தனிப் பதக்கங்கள் வழங்கின. ஹாம்பர்க், ப்ரேமன், லூபெக் ஆகிய மூன்று துறைமுக நகரங்களும் சிவப்பு எனாமல் பூசிய ஹன்சியாட்டிக் சிலுவையை வழங்கின. ஹாம்பர்க்குக்குக் கோட்டை, ப்ரேமனுக்குச் சாவி, லூபெக்குக்கு இருதலைக் கழுகு. மூன்றையும் சேர்ப்பது நிறைவான சிறு இலக்கு. வீரரின் வாழ்க்கையையும் தேட விரும்புவோர் பவேரியாவைத் தேர்ந்தெடுக்கலாம். பிரஷ்யப் படைகளின் ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் குண்டுவீச்சில் எரிந்துவிட்டது. பவேரியப் படைகளின் பதிவேடுகளோ மியூனிக் போர் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன.

நம்மவர்களை ஈர்க்கும் இரண்டு விஷயங்களைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஒன்று, 1914 செப்டம்பர் 22 அன்று சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய எம்டன். அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லருக்கு இரும்புச் சிலுவையும், 1918இல் பிரஷ்யாவின் உயர்ந்த போர் விருதான ‘பூர் லே மெரித்’தும் கிடைத்தன, அதே பெயரில் அடுத்து வந்த கப்பலின் முகப்பில் பெரிய இரும்புச் சிலுவை பொருத்தப்பட்டது. ஆனால் இரும்புச் சிலுவையில் கப்பலின் பெயர் இருக்காது. ஆவணம் இல்லாமல் ‘எம்டன் மாலுமியுடையது’ என்று எவர் சொன்னாலும் அது வெறும் சிலுவைதான். மற்றொன்று, சுபாஷ் சந்திர போஸ் 1942இல் ஜெர்மனியில் இருந்தபோது ஏற்படுத்திய ஆசாத் ஹிந்த் பதக்கங்கள். வீர்-ஏ-ஹிந்த் முதலிய இவை வியன்னாவின் ரூடால்ஃப் சூவால் பட்டறையில் செய்யப்பட்டவை. போருக்குப் பின் அடித்த மறுபதிப்புகளே சந்தையில் மிகுதி. மூவண்ணத்தில் பாயும் புலியைக் காட்டும் இந்தியப் படையணியின் கைச்சின்னமும் அவ்வாறே. ஆசை எவ்வளவு இருந்தாலும், இவற்றைத் தெரிந்தவர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லாமல் வாங்காதீர்கள்.

நாஜிகளின் எஸ்.எஸ். படையின் சின்னங்களை நான் சேகரிப்பதில்லை, யாருக்கும் பரிந்துரைப்பதும் இல்லை. போலிகள் மலிந்திருப்பது ஒரு காரணம். அந்தச் சின்னத்தை அணிந்தவர்கள் வதைமுகாம்களில் செய்தது மற்றொரு காரணம். எனக்கு இரண்டாவதே பெரிது.

தாள், துணி, சட்டம், பராமரிப்பு

சான்றிதழ்களையும் நாடாக்களையும் இருட்டறையில் புற ஊதா விளக்கில் பாருங்கள். காகிதத்தையும் துணியையும் வெண்மையாக்கும் ஒளிர்பொருட்கள் போருக்குப் பின்னரே பரவலாக வந்தன. ஆகவே நீலமாக ஒளிரும் தாளும் நூலும் பிற்காலத்தவை. ஒளிராதது அசல் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய வெற்றுத் தாளில் அச்சடித்து ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

வாங்குமுன் நீங்கள் வாழும் நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு கொக்கிச் சிலுவையைப் பொதுவெளியில் காட்டுவதைத் தடுக்கிறது. ஆய்வு, கல்வி, வரலாறு போன்ற நோக்கங்களுக்கு விலக்கு உண்டு. அங்குள்ள ஏல நிறுவனங்கள் படங்களில் சின்னத்தை மறைத்தே காட்டுகின்றன. ஆஸ்திரியாவிலும் பிரான்சிலும் தடைகள் உள்ளன; ஆஸ்திரேலியாவில் 2024 ஜனவரி முதல் நாஜிச் சின்னம் உள்ள பொருட்களை வணிகம் செய்வதும் தடைக்குள் வந்துவிட்டது. நம் கோயில்களில் காணும் ஸ்வஸ்திகாவின் பொருள் வேறு என்று விளக்கிக்கொண்டிருப்பது அங்கே உதவாது. மேற்கு ஜெர்மனி 1957இல் இயற்றிய சட்டத்தின்படி கொக்கிச் சிலுவையை நீக்கி, அதன் இடத்தில் ஓக் இலை வைத்துச் செய்த இரும்புச் சிலுவைகள் அந்த நாடுகளில் வாழ்வோருக்கு நேர்மையான மாற்று.

வந்த பதக்கத்தைத் துலக்காதீர்கள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது நம் கைப்பழக்கம். பதக்கத்தில் அதைச் செய்தால் நூறாண்டு படிந்த நிறமும் மதிப்பும் ஒரே நிமிடத்தில் போய்விடும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். பி.வி.சி. உறைகளும் ஓக் மரப் பெட்டிகளும் வெளியிடும் ஆவிகள் உலோகத்தை அரிக்கும். அமிலமற்ற அட்டைப் பெட்டியே நல்லது. கடலோர ஊர்களில் இரும்பும் துத்தநாகமும் விரைவாகக் கெடும் என்பதால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைப் பெட்டியில் போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

கடைசியாக, மண்ணிலிருந்து தோண்டி எடுத்தவை. அவற்றை வாங்காதீர்கள், குறிப்பாக அடையாளத் தகடுகளை. ஜெர்மன் வீரரின் முட்டைவடிவத் தகட்டின் நடுவே துளைவரிசை இருக்கும். வீரர் இறந்தால் அதை இரண்டாக ஒடித்து, ஒரு பாதியை உடலோடு விட்டு மறுபாதியைப் பதிவுக்கு அனுப்புவார்கள். மண் படிந்த முழுத் தகடு ஒன்று விற்பனைக்கு வந்தால், அதை அணிந்திருந்தவரின் இறப்பு எங்கும் பதிவாகாமலே போயிருக்கலாம். அதைப் படமெடுத்து, எண்களைத் தெளிவாகக் குறித்து, போர்வீரர் பதிவுகளை 2019 முதல் பொறுப்பில் வைத்திருக்கும் ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள்.